இருமலும் இல்லத்தாரும்

மாரி காலம் தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் இருமலும் தொடங்கிவிடுகின்றது. ஐப்பசி மழையோடு வந்து, மார்கழிப் பனியிலே முற்றி, தை பிறந்த பின்னும் விடைபெற மனமின்றி நிற்கும் விருந்தாளி அது. பகலெல்லாம் விளையாடித் திரிந்த பிள்ளை, விளக்கை அணைத்ததும் இருமத் தொடங்குகின்றது. தாய்க்கும் உறக்கமில்லை, தந்தைக்கும் உறக்கமில்லை. பொழுது விடிந்ததும் ஆளுக்கொரு மருந்து சொல்லுகின்றனர். அம்மம்மா மல்லித் தண்ணீர் என்கின்றார். அயல்வீட்டார் தம் பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய பாணிமருந்துப் போத்தலை வேலிக்கு மேலால் நீட்டுகின்றனர். தகப்பனார் மருந்துக்கடைக்குச் சென்று, "இருமலுக்கு ஏதாவது தாருங்கள்" என்கின்றார். எத்தனை நாளாகப் பிள்ளை இருமுகின்றது என்று மட்டும் ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இருமலைப் பற்றி இல்லத்தார் அறிந்திருக்க வேண்டியவற்றுள் முதன்மையானது இந்த எண்ணிக்கையே என்பது எமது கருத்து. பெரியவர்களாயின் நாட்களை எண்ண வேண்டும். சிறு பிள்ளைகளாயின் நாட்களோடு மூச்சையும் எண்ண வேண்டும். மருந்து பற்றிய பேச்சு அதற்குப் பின்னரே.

முதலிலே, இருமல் எவ்வாறு உண்டாகின்றது என்பதைச் சற்றுப் பார்ப்போம். குரல்வளையிலும் மூச்சுக்குழல்களிலும் நுண்ணிய நரம்பு முனைகள் பரந்து கிடக்கின்றன. தூசியோ, புகையோ, சளியோ அவற்றைத் தீண்டியதும், வேகசு எனப்படும் நீண்ட நரம்பின் வழியாக மூளையின் அடிப்பாகமாகிய முகுளத்துக்குச் செய்தி செல்கின்றது. உடனே மூச்சு ஆழமாக உள்ளிழுக்கப்படுகின்றது. குரல்வாய் இறுக மூடிக்கொள்கின்றது. விலாத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் ஒருங்கே அழுத்துகின்றன. அடைபட்ட காற்று நெருக்குண்டிருக்கும் வேளையிற் குரல்வாய் சட்டெனத் திறக்க, காற்றானது தன் வழியிலுள்ளவற்றையும் வாரிக்கொண்டு பெருவேகத்துடன் வெளியேறுகின்றது. இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிகின்றன. வேகசு நரம்பின் சிறு கிளையொன்று காதுத் துவாரத்துக்கும் செல்கின்றது. காதைக் குடையும்போது சிலருக்கு இருமல் எழுவது அதனாலேதான். மாணவர்கள் இதனைப் பரீட்சித்துப் பார்க்க முற்பட வேண்டாம்; காது குடைவதனால் வரும் தீங்குகள் வேறு உள.

மூச்சுக்குழல்களின் உட்சுவரிலே பிசிர்கள் என்னும் நுண்மயிர்கள் நெல்வயல் காற்றிலே அசைவதுபோல ஓயாது அசைந்து, தூசி ஒட்டிய சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. தொண்டைக்கு வந்த சளியை நாம் அறியாமலே விழுங்கிவிடுகின்றோம். சுருட்டும் சிகரற்றும் புகைப்போரிடத்தில் இப்பிசிர்கள் செயலிழந்து போகின்றன. இரவெல்லாம் தேங்கிய சளியைக் காலையில் இருமித்தான் அவர்கள் வெளியேற்ற வேண்டும். "அவருக்கு அது வழக்கமான இருமல்" என்று வீட்டார் சொல்வதுண்டு. வழக்கமாகிவிட்டமையினால் அது தீங்கற்றதாகிவிடாது. நெடுநாட் புகைத்த ஒருவரின் இருமல் தன் போக்கில் மாறுமாயின், குரல் கம்முமாயின், சளியில் இரத்தக் கீறு தென்படுமாயின் தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நம் வீடுகளில் நாம் காணும் இருமல்களுட் பெரும்பாலானவை தடிமனைத் தொடர்ந்து வருவன. தடிமனை உண்டாக்குபவை வைரசுகள். அவை சில நாட்களில் உடலின் எதிர்ப்பாற்றலினால் ஒழிக்கப்படுகின்றன. ஆயினும், மூச்சுக்குழல்களின் உட்சுவர் புண்பட்டு இலகுவிற் கூச்சங்கொள்ளும் நிலையில் இருப்பதனால், குளிர்காற்றோ ஒரு சிரிப்போகூட இருமலைக் கிளப்பிவிடும். இது எத்தனை நாள் நீடிக்கும்? 2013ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், பெரியவர்களின் இருமல் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தபோது, சராசரியாக ஏறக்குறைய 18 நாட்கள் என்று கண்டனர். பொதுமக்களை வினவியபோதோ, ஏழு முதல் ஒன்பது நாட்களுள் தீர்ந்துவிட வேண்டும் என்பதே அவர்களின் எண்ணமாக இருந்தது.

எண்ணத்துக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள இந்த ஒன்பது பத்து நாட்களிலேதான் வீண்செலவும் வீண்மருந்தும் நேர்கின்றன. எட்டாம் நாள் பொறுமை போய்விடுகின்றது. அன்ரிபயோட்டிக் எனப்படும் நுண்ணுயிர்கொல்லிக் குளிசைகளை நோயாளி கேட்டு வாங்குகின்றார். வைத்தியர் மறுத்தால் வேறு வைத்தியரை நாடுகின்றார். பதினாறாம் நாள், தானாகவே தணிய இருந்த இருமல் தணிகின்றது. புகழ் குளிசைக்குப் போய்ச் சேர்கின்றது. அடுத்த மாரியில் அதே குளிசையைப் பெயர் சொல்லிக் கேட்கின்றனர். வைரசுகளின் மீது இம்மருந்துகளுக்கு யாதொரு வலுவும் இல்லை. ஆனால் நம்முடலிலே வாழும் பற்றீரியாக்கள் இம்மருந்துகளைத் தாக்குப்பிடிக்கும் வன்மையைப் பெற்றுவிடுகின்றன. உண்மையான தேவை வரும் நாளில் மருந்து பயனற்றுப் போகின்றது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டது என்பது மட்டும் அக்குளிசைகளுக்குப் போதிய காரணமாகாது. கிருமிகளோடு பொருதும் வெண்குருதிக் கலங்களிலிருந்து வரும் பொருள்களினாலேயே பெரும்பாலும் அந்நிறம் உண்டாகின்றது.

அவ்வாறாயின் அந்தப் பதினெட்டு நாட்களும் கைகட்டி இருப்பதா என்று இல்லத்தரசிகள் வினவலாம். வேண்டியதில்லை. நம் சமையலறையிலே தக்க துணைகள் உள. அவற்றுள் முதலிடம் தேனுக்கு உரியது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே, இரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட 105 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினர். படுக்கைக்குச் செல்ல அரைமணி நேரத்துக்கு முன், சிலருக்குத் தேனும், சிலருக்குக் கடைகளில் விற்கும் இருமல் மருந்தும் கொடுத்தனர். சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. பெற்றோரின் மதிப்பீட்டில் இரவிருமலைத் தணிப்பதிலே தேனே முன்னின்றது. அங்கே கொடுக்கப்பட்ட அளவு, ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கு அரைத் தேக்கரண்டி, ஆறு முதல் பதினொரு வயதினர்க்கு ஒரு தேக்கரண்டி, மூத்தோர்க்கு இரண்டு.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை ஒரு துளிதானும் கொடுத்தலாகாது. தேனிலே பொட்டுலினம் என்னும் பற்றீரியத்தின் வித்திகள் இருத்தல் கூடும். பெரியவரின் குடலில் அவை ஒன்றுஞ் செய்யா. சிசுவின் குடலிலோ முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைத் தளரச்செய்து, மூச்சையே நிறுத்திவிடக் கூடும். காய்ச்சினாலும் அவ்வித்திகள் எளிதில் அழிவதில்லை. பிறந்த குழந்தையின் நாவிலே தேன் தொட்டுவைக்கும் வழக்கமுள்ள குடும்பத்தார் இதனைக் கருத்திற் கொள்வாராக. கைக்குழந்தைக்கு இருமலென்றால் தாய்ப்பாலை அடிக்கடி கொடுப்பதே சிறந்த மருந்து.

மல்லியும் வேர்க்கொம்பும் இட்டுக் காய்ச்சிய குடிநீரை நம் ஆச்சிமார் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்துள்ளனர். சிங்கள அயலவர் வீடுகளிலே இவற்றோடு பற்பாடகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் ஆகியன சேர்ந்து பஸ்பங்குவ என்னும் ஐந்து சரக்குப் பொதியாகின்றது. இவற்றின் நன்மையில் ஒரு பெரும்பங்கு அந்த இளஞ்சூட்டிலும் நீரிலும் உள்ளது என்றே நாம் எண்ணுகின்றோம். வெந்நீர் தொண்டையின் கரகரப்பைத் தணிக்கும். போதிய நீர் அருந்தினால் உடல் வாடாது. இனிப்பு வேண்டுவோர் பனங்கற்கண்டு சேர்த்துக்கொள்ளலாம். நீரிழிவுக்காரருக்கு அதுவும் ஆகாது. இஞ்சித் தேநீரில் தேசிக்காய் பிழிந்து அருந்துவோரையும் நாம் தடுக்கப் போவதில்லை.

ஆடாதோடையின் கதை சுவையானது. ஆடு தொடாத கசப்பிலை என்பதனால் வந்த பெயர் என்பர். ஐரோப்பியத் தாவரவியலார் அப்பெயரைக் கேட்டவாறே எடுத்துக்கொண்டனர். 1753ஆம் ஆண்டு இலினேயசு இட்ட விஞ்ஞானப் பெயரிலே 'அதாதோடா' என நம் சொல் இன்றும் இருக்கின்றது. அதன் மற்றொரு விஞ்ஞானப் பெயரில் 'சைலானிகா' என இலங்கையின் பெயரும் சேர்ந்துள்ளது. அவ்விலையிலுள்ள வாசிசீன் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே, சளியை இளக்குவதற்கு வைத்தியர்கள் எழுதித்தரும் புரோமெக்சீன் என்னும் மருந்து ஆக்கப்பட்டது. எனவே அதனை வெறும் பச்சிலை என்று தள்ளுவாரும் தவறுகின்றனர். பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்று மனம்போனவாறு குடிப்போரும் தவறுகின்றனர். வாசிசீன் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. கருவுற்ற பெண்கள் ஆடாதோடைக் கசாயத்தை அறவே விலக்கல் வேண்டும்.

வேது பிடித்தல் மூக்கடைப்புள்ள பெரியவர்க்குச் சிறிது சுகந் தரலாம். பிள்ளைகளைப் போர்வைக்குள் இருத்திக் கொதிநீர்ச் சட்டியை முன்வைப்பதை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ளோம். கைதவறிச் சரியும் ஒரு சட்டி, இருமலைவிட எத்தனையோ மடங்கு துன்பத்தைத் தந்துவிடும்.

இனி, மருந்து கொடுப்பதற்கு முன் வீட்டிலிருந்து அகற்ற வேண்டியது ஒன்றுண்டு, அது புகை. குளிருக்கு இதமென்று இருமுகின்ற பிள்ளையை விறகடுப்பின் அருகே இருத்துகின்றோம். நுளம்புச்சுருளைக் கட்டிலின் கீழே கொளுத்திவைக்கின்றோம். தலைக்கு வார்த்த பின் சாம்பிராணிப் புகை காட்டுகின்றோம். இவ்வளவும் செய்துவிட்டு, இருமல் நிற்கவில்லையே என்று மருந்தை மாற்றுகின்றோம்! அடுப்படியின் யன்னலைத் திறந்துவிடுதல், சுருளுக்குப் பதிலாக நுளம்புவலை கட்டுதல், சிகரற் புகைப்பவரை முற்றத்துக்கு அனுப்புதல் ஆகியவற்றுக்குக் காசு அதிகம் செலவாகாது.

பாணிமருந்துப் போத்தல்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அவற்றின் வரலாறு கசப்பானது. ஜேர்மனியின் பேயர் நிறுவனம் 1898ஆம் ஆண்டிலே இருமலுக்குச் சிறந்தது என்று கூறி விற்பனைக்கு விட்ட மருந்தின் பெயர் ஹெரோயின்! அதே ஹெரோயின்தான் இன்று உலகெங்கும் தடைசெய்யப்பட்ட போதைப்பொருளாக அறியப்படுகின்றது. 1937இல் அமெரிக்காவில் சல்பனிலமைட்டு என்னும் கிருமிமருந்தை இனிப்பு நீர்மமாக்குவதற்கு டைஎத்திலீன் கிளைக்கோல் என்னும் நச்சுத் திரவத்தைக் கலந்து விற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர், அவர்களிற் குழந்தைகள் பலர். அதன் விளைவாக 1938இல் அந்நாட்டில் மருந்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அத்துடன் அந்நஞ்சு ஒழிந்துவிட்டதா? 2022இல் காம்பியாவில் அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகளும், இந்தோனேசியாவில் ஏறக்குறைய இருநூறு குழந்தைகளும் நஞ்சு கலந்த பாணிமருந்துகளோடு தொடர்புபட்ட சிறுநீரகச் செயலிழப்பினால் உயிரிழந்தனர். 2025இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மாண்டபோது, அவர்கள் குடித்த இருமல் மருந்து தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்டதெனத் தெரியவந்தது.

எல்லாப் போத்தல்களும் நஞ்சென்று நாம் கூற வரவில்லை. ஆயின் சாதாரண இருமலுக்குச் சிறு பிள்ளைகளிடத்தில் இம்மருந்துகள் செய்யும் நன்மை மிகச் சொற்பம். இரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு இவற்றைத் தாமாக வாங்கிக் கொடுக்கலாகாது என 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் அறிவுறுத்தினர். சில பாணிகள் தூக்கத்தைத் தரும். பிள்ளை தூங்குவதைக் கண்டு இருமல் மாறியதென மகிழ்கின்றோம். பயன் சொற்பமாயிருக்கத் தீங்குக்கு இடமிருந்தால், அதனை வாங்காமல் விடுவதே அறிவுடைமை. அயல்வீட்டார் நீட்டும் பாதிப் போத்தலை நன்றியோடு மறுத்துவிடுக.

பிள்ளையின் மூச்சை எண்ண வேண்டும் என்றோம். பிள்ளை அழாமலும் பால் குடியாமலும் அமைதியாக இருக்கும் வேளையில், சட்டையை உயர்த்தி, மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுவதும் வயிறு எத்தனை முறை எழுகின்றது என எண்ணுக. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேலும், பன்னிரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 50 அல்லது மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 40 அல்லது மேலும் இருந்தால் அது வேகமூச்சு. சுவாசப்பை அழற்சியாகிய நியுமோனியாவைக் கண்டுகொள்வதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு இது. இக்கணக்கு தாய்மார் அனைவரும் எளிதிற் கற்கக்கூடியது. மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பாகம் உட்குழிதல், பால் குடிக்க இயலாமை, உதடு நீலித்தல், எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்படின் இரவென்றும் மழையென்றும் பாராமல் வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்சு வண்டி இலவசமாக வரும்.

தடிமனுமில்லை, காய்ச்சலுமில்லை, விளையாடிய பிள்ளை திடீரென இருமுகின்றதாயின் கச்சானை நினைக்க. பல் முற்றும் முளையாத பிள்ளை கச்சான் கொட்டையைக் கொறிக்கும்போது அது மூச்சுக்குழலுட் சென்றுவிடக் கூடும். பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுக. வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது மேலும் உட்செல்லும். இருமவும் அழவும் முடியாமல் திணறினால், முன்புறம் சரித்துத் தோட்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை பலமாகத் தட்டியவாறு உதவிக்கு ஆள் அழைக்க. இருமல் சிறிது நேரத்தில் அடங்கிவிட்டாலும் வைத்தியரிடம் காட்டாமல் விடலாகாது. கொட்டை உள்ளேயே தங்கியிருக்கலாம்.

குக்கலை நம் மூத்தோர் நன்கறிவர். தொடர்ந்து இருமி, முகஞ்சிவந்து, ஈற்றில் 'கூ' என்று மூச்சிழுத்து வாந்தியெடுக்கும் அவ்விருமலை உண்டாக்கும் பற்றீரியத்தை 1906ஆம் ஆண்டில் போர்டே, செங்கூ என்னும் இருவர் பிரசெல்சு நகரிலே பிரித்தெடுத்தனர். நம் நாட்டிலே குழந்தையின் இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களிலும் பதினெட்டாம் மாதத்திலும் இடப்படும் ஊசிகளில் இதற்குரிய தடுப்பும் அடங்கியுள்ளது. ஊசி தவறிய பிள்ளைகளின் பெற்றோர் தம் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை உடனே காண்பாராக.

பெரியவர்களிடத்தே சில இருமல்கள் நெஞ்சை நோக்காமல் வேறிடத்தைத் தேட வைக்கும். குருதியமுக்கத்துக்கு எனலப்பிரில், கப்டோப்பிரில் போன்ற குளிசைகளை அருந்துவோர் சிலருக்குச் சளியற்ற வறட்டிருமல் உண்டாகின்றது. குளிசை தொடங்கிச் சில மாதங்களின் பின்னும் அது வரலாம். மல்லித் தண்ணீரும் தேனும் அதனைத் தீர்க்கமாட்டா. குளிசையைத் தாமே நிறுத்தாமல் வைத்தியரிடம் சொன்னால் அவர் வேறினக் குளிசை தருவார். சில வாரங்களில் இருமல் அகலும். இரவிலும் விடியற்காலையிலும் மட்டும் இருமுவோருக்கு இளைப்பு இல்லாமலே முட்டு நோய் இருத்தல் கூடும். மூச்சுவழியாக இழுக்கும் மருந்து பழக்கமாகிவிடும் என்று அஞ்சி அதனைப் பிள்ளைக்கு மறுக்கும் பெற்றோரை நாம் கண்டிருக்கின்றோம், அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை. உண்டவுடன் படுப்போருக்கு இரைப்பை அமிலம் மேலேறி இருமலைத் தருவதுமுண்டு.

இனி, நாட்கணக்கின் மிக முக்கியமான எல்லைக்கு வருவோம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டின் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தினர் கூறும் விதி. சாதாரண இருமலே பதினெட்டு நாள் நீடிக்கும் என்றீர்களே, இது முரணன்றோ என்று வாசகர் கேட்கலாம். முரணில்லை. பதினைந்தாம் நாள் இருமுவோருட் பெரும்பாலோர்க்கு ஒன்றுமிராது; ஆயினும் அச்சிலரைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை. நுண்ணுயிர்கொல்லிக்கு அவசரம் வேண்டாம். சோதனைக்குத் தாமதம் வேண்டாம். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியன சேர்ந்திருந்தால் இரண்டு வாரத்தையும் காத்திருக்க வேண்டியதில்லை.

1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் பேர்லினில் ரொபேட் கொக் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்தார். அன்று அதற்கு மருந்தில்லை. இன்றோ ஏறக்குறைய ஆறு மாதங்கள் ஒழுங்காக மருந்துண்டால் பெரும்பாலோர் பூரண சுகமடைகின்றனர். மருந்தும் சோதனையும் நம் அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசம். இருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இங்கு இந்நோய்க்கு ஆளாகின்றனர். மகளுக்குக் கலியாணம் பேசுகின்ற வேளையில் தகப்பனாரின் இருமல் வெளியே தெரியலாகாது என்று மூடிவைக்கும் குடும்பங்கள் இன்னும் உள. மூடிவைத்த இருமல், அதே வீட்டில் ஒரே பாயிலே தூங்கும் பேரப்பிள்ளைகளுக்கே முதலிற் செல்கின்றது. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் நோயாளியிடமிருந்து தொற்றும் அபாயம் பெரிதும் குறைந்துவிடுகின்றது என்பதை அக்குடும்பத்தார் அறிந்தால் நன்று.

சளி கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகின்றோம். பலர் இதிலேதான் தவறுகின்றனர். காலையில் எழுந்ததும் நீரினால் வாயைக் கொப்பளிக்க வேண்டும். வீட்டுக்குள் நில்லாமல் முற்றத்திலே, ஆட்களுக்குத் தூரத்தில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி வரும் சளியை நிலையத்தார் தந்த பாத்திரத்தில் எடுத்து மூடியை இறுக்குக. அதனை வெயிலில் வைக்காமல் அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். உமிழ்நீரை நிரப்பிக் கொண்டுபோனால் மறுநாளும் வரச்சொல்லித் திருப்பியனுப்பி விடுவர்.